ஆறு தடவை அடைத்த சுவர்

சுவர் கட்டுகிறவன் கொத்தனாரோடு மட்டும் பேசத் தெரிந்திருந்தால் போதும் என்று நம்பித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டு பக்கத்திலும் ஆட்கள் உண்டு, அந்த ஆட்களுக்கு வாய் உண்டு என்பதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் சிவில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் என்றால் ஒழுகுகிற தளம், அடைத்துக்கொண்ட சாக்கடை, பெயர்ந்த தரை இவற்றோடு வாழ்க்கை முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். பங்காளிகளுக்கு நடுவில் வரப்புத் தகராறு தீர்க்கப் போய் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

தானே புயலில் ஒரு பலா மரம் சாய்ந்து ஒரு பிளாக்கின் கடைசிச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. எந்த பிளாக் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த தடவை அங்கே எனக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. சுவருக்கு இந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ். அந்தப் பக்கம் மந்தாரக்குப்பத்தை ஒட்டிய காமாட்சி நகர். வாடகை வீடுகள், கான்ட்ராக்ட் தொழிலாளிகள், நாலைந்து கடைகள். இரண்டு வருஷம் ஓட்டையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு சைக்கிள் காணாமல் போனது, ஒரு மாடு யாரோ வளர்த்த ரோஜாச் செடியைத் தின்றது, யுத்தம் ஆரம்பமானது.

காரை உதிர்ந்த பக்கம்

முதல் தடவை ஓட்டையை அடைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் காலையில் அது திறந்திருந்தது. புகார் கொடுத்த பிளாக் சங்கத் தலைவர் மாணிக்கம் என்னைக் கையோடு அழைத்துப் போய்க் காட்டினார். "அந்தப் பக்கத்து ஆளுங்க உடைச்சுட்டாங்க, எழுதிக்குங்க" என்றார். நான் எழுதிக்கொண்டேன். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: உடைந்த எதையும் குனிந்து பார்க்காமல் இருக்க முடியாது. உளி வைத்துத் தட்டினால் காரை தட்டுகிறவன் காலடியில்தான் உதிரும். அங்கே உதிர்ந்த காரை முழுக்க எங்கள் பக்கம் கிடந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஒரு செங்கல்கூட உடையவில்லை. ஈரம் காயாத பூச்சிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்து, துடைத்து, சுவரோரம் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு செங்கல்லின் மேலும் சாக்பீஸால் ஒரு நம்பர். ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை. பிள்ளைகள் விளையாடியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எந்தப் பிள்ளை விளையாடிவிட்டு எடுத்து அடுக்கி வைக்கிறது? என் கொத்தனார் கோவிந்தன் வெகுநேரம் அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், நம்மள வுட சுத்தமா அடுக்கியிருக்கான் சார். ஆளு யாருன்னு தெரிஞ்சா நம்ம கேங்குலயே சேத்துக்கலாம்."

யார் வீட்டு டீ?

இரண்டாவது தடவை அடைக்கப் போனபோது மாணிக்கம் வீட்டிலிருந்து டீ வந்தது. குடித்தேன். ஓட்டை வழியாக அதைப் பார்த்துவிட்ட காமாட்சி நகர்க்காரர்கள், "அதான் சார் அந்தப் பக்கமே பேசுறாரு" என்றார்கள். மூன்றாவது தடவை, நியாயமாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கம் போய் சாகுல் பாய் கடையில் டீ குடித்தேன். பாய் மளிகைக்கடை வைத்திருப்பவர், அந்த நகரின் பெரியவர், யாருக்கு என்ன தகராறு வந்தாலும் அவர் கடை வாசலில்தான் பேச்சு. நான் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பிளாக்கில் செய்தி பரவிவிட்டது: சூப்பர்வைசர் விலை போய்விட்டார்.

நாடுகளுக்கு நடுவில் சமாதானம் பேசப் போகிறவர்கள் எங்கே டீ குடிப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் யோசனை வந்தது. மறுநாளிலிருந்து என் வீட்டிலிருந்தே பிளாஸ்க்கில் கொண்டுபோனேன். பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக மூடியைத் திறந்தேன். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

"பிளாஸ்க்கு உங்களுதுதான் சார், தெரியுது. உள்ள இருக்குற டீ யாரு வூட்டுது?"

பூசாத பக்கம்

சாகுல் பாய் ஒருநாள், "சார், ஒரு அஞ்சு நிமிசம் இப்படி வந்து நில்லுங்க" என்று சுவரின் அந்தப் பக்கம் என்னை நிறுத்தினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபது வருஷமாக அந்தச் சுவரைப் பராமரிக்கிறேன். பாய் கடைக்கு டீ குடிக்கப் போனபோதுகூட அதை அந்தப் பக்கம் நின்று நான் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் வழவழவென்று பூசி, வருஷா வருஷம் மஞ்சள் அடிக்கிறோம். அந்தப் பக்கம் பூச்சே கிடையாது, வெறும் செங்கல். அடியில் மழைத்தண்ணீர் போக நாங்கள் விட்ட துவாரம் நேராக ஒரு வீட்டு வாசலைப் பார்த்து இருந்தது. சுவரோரம் எங்கள் பிளாக்கிலிருந்து பறந்து வந்து விழுந்த பொருள்கள்: பியூஸ் போன டியூப்லைட், கிழிந்த தலையணை, மலையாகப் பலாச் சக்கை.

எங்கள் ஊரில் பலாப்பழக் காலத்தில் சக்கையை எங்கே போடுவது என்பது பெரிய பிரச்சினை. சுவருக்கு அப்பால் போடுவது சுலபமான தீர்வு. மாட்டைப் பற்றிய புகார் மட்டும் சட்டைப்பையில் மடித்து இருந்தது, அதை எடுத்து நீட்டினேன். பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மாடு உள்ள வருதுன்னு எழுதியிருக்காங்க, சரி. ஏன் வருது? நீங்க போட்ட சக்கைய இங்க தின்னுட்டு, மீதிச் சொளை எங்கடான்னு கேக்கத்தான் சார் அங்க வருது."

இரண்டு கட்டில்

நாலாவது தடவை கோவிந்தன் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்திருந்தபோது, ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். இரண்டு மணி நேரத்தில் அந்தப் பக்கம் போனாள். மறுபடி வந்தாள். அதற்குள் சுவர் இடுப்புக்கு வந்துவிட்டது. பெயர் அஞ்சலை. எதற்கு இப்படி அலைகிறாய் என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள், "வாங்க, காட்டுறேன்" என்று நடந்தாள்.

அந்தப் பக்கம் அவள் வீட்டில் ஒரு கட்டில். பலா மரத்தில் காய் இறக்கும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் போன அவள் கணவர் அதில் படுத்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இந்தப் பக்கம் அவள் வேலை செய்கிற வீட்டில் இன்னொரு கட்டில். அதில் சங்கத் தலைவர் மாணிக்கத்தின் தாயார். அவரையும் அதே மாதிரி புரட்ட வேண்டும். ஓட்டை வழியாக வந்தால் ஐந்து நிமிஷம். மெயின் ரோட்டு ஆர்ச்சைச் சுற்றி வந்தால் முக்கால் மணி நேரம். ஒருவரைப் புரட்டிவிட்டு இன்னொருவரைப் புரட்ட ஓடுவதுதான் அவளுடைய பகல் முழுவதும்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கோவிந்தனைச் சாயங்காலம் வரைக்கும் வேறு வேலைக்கு அனுப்பினேன். சாயங்காலம் அடைத்தோம். ஆர்டர் ஆர்டர்தான். மூன்றாம் நாள் அது திறந்திருந்தபோது, நம்பர் போட்ட செங்கல்களைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். காதில் அவள் முந்தாநாள் கேட்டது இருந்தது.

"இத்த அடைச்சிட்டா ரெண்டுல ஒரு ஆள நான் வுட்டுடணும் சார். யார வுடட்டும்? நீங்களே சொல்லிட்டு அடைங்க."

சுவர் நின்ற வாரம்

ஐந்தாவது தடவை கோவிந்தனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் தொழிலுக்கே இழுக்கு என்று சிமென்ட்டைத் தாராளமாகக் கலந்து கட்டினான். சுவர் ஒரு வாரம் நின்றது. டவுன்ஷிப் ஜெயித்தது. ஆனால் அந்த வாரம் பிளாக்கில் நான் நடந்து போக முடியவில்லை. இட்லி மாவுக்காரம்மா வரவில்லை. பூக்காரி வரவில்லை. கீரை வரவில்லை. பாத்திரம் தேய்க்கிறவர்கள் ஆர்ச்சைச் சுற்றி வந்து சேர்வதற்குள் ஜெனரல் ஷிஃப்ட் ஆட்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அஞ்சலை காலையில் ஒருதரம் மட்டும் வந்து போனாள். மாணிக்கத்தின் தாயாருக்கு முதுகில் புண் ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கிழவி வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறப்பதில்லையாம்.

எட்டாம் நாள் காலையில் சுவர் திறந்திருந்தது. கோவிந்தனின் சிமென்ட்டோடு மல்லுக்கட்டிய உளித்தடம் எல்லா இடத்திலும். அப்படியும் ஒரு செங்கல் உடையவில்லை, நம்பரும் தவறவில்லை. மூன்றாவது வீட்டு அம்மா மாவுப் பாத்திரத்தோடு வாசலில் நின்றிருந்தார். புகாரில் உங்கள் வீட்டுக் கையெழுத்தும் இருக்கிறதே என்றேன்.

"கையெழுத்துப் போட்டதும் அவருதான். சாயங்காலம் ஆனா தோசை எங்கேன்னு கேக்கறதும் அவருதான். இந்த ரெண்டு பேருல நான் யாருகிட்ட போய் புகார் குடுக்கறது?"

பிரித்துப் போட்ட மிக்ஸி

வேறொரு வேலையாக மாணிக்கம் வீட்டுக்குப் போனேன். செகண்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப நேரம் இருந்ததால் கூடத்தில் பேப்பர் விரித்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மைன்ஸில் மெஷின் மெயின்டெனன்ஸில் ஃபோர்மேன். மண் வெட்டுகிற மெஷின், நாலு மாடிக் கட்டடத்தை விடப் பெரியது, அதைப் பிரித்து மாட்டுகிறவருக்கு மிக்ஸி எம்மாத்திரம். பேப்பரின் மேல் ஸ்க்ரூ, வாஷர், பிளேடு, மூடி எல்லாம் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு சாக்பீஸ். ஒவ்வொன்றின் மேலும் நம்பர்.

ஏழாம் நம்பரின் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டை நான் ஐந்து தடவை செங்கல்லின் மேல் பார்த்திருக்கிறேன். உள்ளறையில் அஞ்சலை, "ஆத்தா, இந்தக் கைய என் தோள்ல போடு" என்று சொல்வது கேட்டது. பகலில் புகாரில் முதல் கையெழுத்துப் போடுகிறவரும் அதே ஆள். ராத்திரியில் உளியை எடுத்துக்கொண்டு போகிறவரும் அதே ஆள். ஏன் என்று அந்த அறையைப் பார்த்தாலே தெரிந்தது. சைக்கிள் போனவர், ரோஜா போனவர் எல்லோரும் ஓட்டுப் போட்டு அவரைத் தலைவராக்கியிருக்கிறார்கள். என் அம்மாவுக்காக ஓட்டை வேண்டும் என்று அவர்களிடம் எப்படிக் கேட்பார்? நானும் வாயை மூடிக்கொண்டேன். கேட்டுவிட்டால் மனிதர் அவமானத்தில் நிஜமாகவே அடைத்துவிடுவார். என் பார்வை போன இடத்தை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். தலையைத் தூக்காமல் ஸ்க்ரூவைத் துடைத்தார்.

"திருப்பி மாட்டணும்னு நினைச்சுப் பிரிக்கணும் சூப்பர்வைசர். அந்த நினைப்பு இல்லாம பிரிச்சா அதுக்குப் பேரு உடைக்கிறது."

கான்கிரீட்

சங்கத்தில் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்: இனிச் செங்கல் வேண்டாம், மாசக் கடைசிக்குள் கான்கிரீட் பலகை வைத்து நிரந்தரமாக அடைக்க வேண்டும். தலைவர் என்ற முறையில் மாணிக்கமும் கையெழுத்துப் போட்டார். கான்கிரீட்டை உளியால் பெயர்க்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம்புங்கள்.

அஞ்சலை ஆபீஸுக்கே வந்து எந்தத் தேதி என்று கேட்டாள். கணவரை விட முடியாது, அதனால் வேலையை விட்டுவிடப் போகிறாளாம். "ஆத்தாகிட்ட இன்னும் சொல்லல சார். சொன்னா இன்னிக்கே சாப்பாட்ட நிறுத்திடும்" என்றாள். சொல்லிவிட்டு மணியைப் பார்த்து ஓடினாள். அவள் போனதும் நான் நேராக என் அதிகாரி அறைக்குப் போனேன். கடைசியாக ஒரு தடவை இரண்டு பக்கத்தையும் ஓட்டையிலேயே உட்கார வைத்துப் பேசிப் பார்க்கிறேன் என்றேன். அவர் ஃபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன வேணா பேசுங்க. மாசக் கடைசில 'அடைப்பு வேலை முடிந்தது'ன்னு ரிஜிஸ்டர்ல எழுதி என் டேபிளுக்கு வரணும்."

பதினாலாம் நம்பர்

பேச்சுவார்த்தைக்கு முன் நிபந்தனை உண்டு என்று பேப்பரில் படித்திருக்கிறேன். மாணிக்கமும் ஒன்று போட்டார்: பேச்சு நடக்கும்போதே அடைப்பும் நடக்க வேண்டும், கான்கிரீட் வரும்வரை பழைய செங்கல் போதும். சரி என்றேன். அடுத்த சிக்கல் நாற்காலி. இவர்கள் அந்த மண்ணில் உட்கார மாட்டார்கள், அவர்கள் இந்த மண்ணில் உட்கார மாட்டார்கள். ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஐந்து நாற்காலி, அந்தப் பக்கம் ஐந்து நாற்காலி போட்டோம். ஓட்டையில் கோவிந்தன் சட்டியும் கரண்டியுமாக உட்கார்ந்தான். நான் ஓரமாக நின்றேன். இரண்டு பக்கத்திலிருந்தும் டீ வந்தது. இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு மாறி மாறிக் குடித்தேன். அன்றைக்குத்தான் இரண்டு பக்கமும் என்னைச் சந்தேகப்படவில்லை.

சக்கை பற்றிப் பேசினார்கள். மழைத்தண்ணீர்த் துவாரத்தைத் திருப்பிவிடுகிறேன் என்றேன். மாட்டைக் கட்டிப்போடச் சொல்கிறேன் என்றார் பாய். வழியை மட்டும் விடுங்கள் என்று அந்தப் பக்கம் கேட்க, முடியாது என்று இந்தப் பக்கம் சொல்ல, குரல் ஏறியது. மாணிக்கம் எதையும் கவனிக்கவில்லை. அவர் கண் கோவிந்தனின் கையிலேயே இருந்தது. கோவிந்தன் அடுக்கிலிருந்து கைக்கு வந்த செங்கல்லை எடுத்து, வந்த இடத்தில் வைத்துக்கொண்டிருந்தான். மாணிக்கம் நாற்காலியில் நெளிந்தார். ஒருதரம் தொண்டையைக் கனைத்தார். அப்புறம் தாங்க முடியாமல் எழுந்தேவிட்டார். "யோவ், பதினால எங்க கொண்டுபோய் வெக்கிற? அது மேல் வரிசை, இடது ஓரம்! ஒன்பதுக்குப் பக்கத்துல பத்து வையி!"

சுவரின் இரண்டு பக்கமும் எல்லாத் தலைகளும் மாணிக்கத்தின் பக்கம் திரும்பின. கோவிந்தன் பதினாலாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். மாணிக்கம் நின்றபடியே இருந்தார். முகம் கறுத்துவிட்டது. "எங்க அம்மாவுக்கு முதுகுல புண்ணு வந்துருச்சு" என்றார். எனக்கு அழுகை வந்தது, இரண்டு கையிலும் டம்ளர், துடைக்க வழியில்லை. பிளாக் ஆட்களில் ஒருவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் சாகுல் பாய் முந்திக்கொண்டார். இத்தனை நாளில் நான் கற்றுக்கொள்ளாததை அவர் ஒரே நிமிஷத்தில் செய்தார். "தலைவரு மெஷின்காரரு. பார்த்த உடனே எது எங்க வரணும்னு தெரிஞ்சுடுது. ஒரு ஆள் மட்டும் நொழயுற மாதிரி, மாடும் பைக்கும் பூராத மாதிரி ஒரு சின்னக் கதவு வெச்சா அந்தக் கல்ல எப்படி அடுக்கணும்னு அவரையே கேப்போம்" என்றார். கேட்க வந்தவர் வாயை மூடிக்கொண்டார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர்தான் முதலில் தலையை ஆட்டினார். தோசை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மணி பன்னிரண்டு. அந்தப் பக்கத்து நாற்காலிகளுக்கு நடுவில் அஞ்சலை வந்தாள். சுவர் முழங்காலைத் தாண்டியிருந்தது. புடவையைச் செருகினாள். அந்தப் பக்கம் பாய் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார், இந்தப் பக்கம் மாணிக்கம் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தாண்டி இறங்கி, பத்துப் பேரையும் ஒருதரம் பார்த்தாள்.

"பேசிகினு இருங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆத்தாவப் பொரட்டிப் போட்டுட்டு வந்துடுறேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் இதுக்கு மேல ஒரே ஒரு கல்லுகூட வெச்சிடாதீங்க."

கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று இன்றுவரை பேச்சுவார்த்தை நடப்பதால் அதற்குத் தாழ்ப்பாளே இல்லை. நானோ ரிஜிஸ்டரில் 'அடைப்பு வேலை முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அடைத்ததன் நடுவில் ஒரு கதவு இருக்கிறது என்று எழுத அதில் கட்டம் இல்லை.